‘சரியாகிவிட்டான்’ என்று டாக்டர் சர்டிபிகேட் கேட்கிறது பள்ளி. நான் என்ன செய்ய?

தென் மாவட்டத்துச் சிறுநகரம் ஒன்றிலிருந்து ஒரு தாய் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். வீட்டில் இவரும் மாமியாரும் 16 வயது மகனும். பக்கத்துத் தெருவில் அண்ணன் குடும்பம். மகன் தனியார் மெட்ரிக் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறான். வேறு பிரிவில் படிக்கும் ஒரு பையனுக்கு அவன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து வகுப்புக் குழுவில் போட்டுவிட்டார்கள். ‘நீ பேசாத நாள் நாளாவே இல்ல’ என்கிற மாதிரி வரிகள். படம் எதுவும் இல்லை. மறுநாளே பள்ளியில் ‘ஒம்போது’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். முதல்வர் தாயை வரச்சொல்லி, “டிசி வாங்கிக்கோங்க, இல்லைன்னா சரியாயிட்டான்னு டாக்டர் சர்டிபிகேட் கொண்டுவாங்க” என்றிருக்கிறார்.

பையன் பத்து நாளாகப் பள்ளிக்குப் போகவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுகிறான். பாதி நாய்க்குப் போகிறது. மாமா போனைப் பிடுங்கிவிட்டார், அறைக் கதவின் தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டார். ஊசி போட்டே சரிசெய்யும் டாக்டர் ஒருவர் பக்கத்து ஊரில் இருக்கிறார், அவரிடம் கூட்டிப்போகலாம். மற்ற பையன் மேல் போலீசில் புகார் கொடுக்கலாம். 21 ஆனதும் என் மகளையே கட்டிவைக்கிறேன் என்பது மாமாவின் திட்டம். மகன் தாயிடம் வாய் திறந்தது ஒரே ஒருமுறை: “நான் இப்படித்தாம்மா. ஏன்னு எனக்கே தெரியல.”

தாய் கேட்கிறார்: அப்பா பக்கத்தில் இல்லாமல் பொம்பளைகளுக்கு நடுவில் வளர்த்ததால் வந்ததா? மருந்து உண்டா? இது சட்டப்படி குற்றமாமே? திருநங்கையாகி வீட்டை விட்டுப் போய்விடுவானா? கணவரிடம் எப்படிச் சொல்வது?

அம்மா, எல்லாவற்றுக்கும் வருகிறேன். அதற்கு முன் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். சாப்பாடு குறைந்து, பேச்சு நின்று, நண்பர்களோடு தொடர்பும் அறுந்து, ஊர் முன்னால் தலைகுனிந்து ஒரு 16 வயதுப் பையன் பத்து நாளாக வீட்டில் இருக்கிறான். கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்த கவலை அவன் உயிரைப் பற்றியது. சர்டிபிகேட்டெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இன்றைக்கே செய்ய வேண்டியது

வீட்டிலும் கொல்லையிலும் இருக்கும் பூச்சிமருந்து, எலிமருந்து, மாமியாரின் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள். முடிந்தால் சில வாரங்களுக்கு வேறு வீட்டில் கொடுத்துவையுங்கள். மாமியாருக்கு ஒருநாள் மாத்திரை மட்டும் வெளியே இருக்கட்டும். அவன் தூங்காமல் புரளும் இரவுகளில் நீங்கள் அதே அறையில் பாய் போட்டுப் படுங்கள்.

அவனிடம் நேராகக் கேளுங்கள்: “செத்துப் போயிடலாம்னு தோணுதாப்பா?” கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. உள்ளே இருப்பதைச் சொல்ல வழி கிடைத்ததே என்ற ஆறுதல்தான் வருகிறது. “ஆமா” என்றால் அழுது புலம்பாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். எப்போதெல்லாம் தோன்றுகிறது, எப்படிச் செய்வதாக நினைத்தான் என்று பொறுமையாகக் கேளுங்கள். வழியையும் நேரத்தையும் அவன் யோசித்து வைத்திருந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்; அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ அப்போதே கூட்டிப்போங்கள். எந்த நேரமும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழில் பேசலாம். குழந்தைகள் உதவி எண் 1098. இரண்டையும் ஒரு தாளில் எழுதி அவன் கையிலும் கொடுங்கள். உங்களிடம் சொல்ல முடியாததை அங்கே சொல்லட்டும்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வகுப்புக் குழுவிலிருந்து வெளியேறலாமா என்பதை அவனிடமே கேட்டு முடிவெடுங்கள். போன் பறிபோனதால் அவனைத் திட்டுகிறவர்களோடு சேர்த்து, அவனுக்கு ஆதரவாக இருந்த ஓரிரு நண்பர்களும் போய்விட்டார்கள்.

“நான் இப்படித்தாம்மா” என்று அவன் சொன்னபோது நீங்கள் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பதிலுக்கு அவன் இன்னும் காத்திருக்கிறான். பெரிய பேச்சு எதுவும் வேண்டாம். தட்டோடு நீங்களும் பின்கட்டுக்குப் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். “எனக்கு இது புரியல, புரிஞ்சுக்கிறேன். நீ என் பிள்ளை, இது உன் வீடு. யாரும் உன்னை எங்கேயும் அனுப்ப விடமாட்டேன்.” இவ்வளவு போதும். இதிலும் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள்.

உங்கள் வளர்ப்பால் வந்ததா?

இல்லை. அப்பா வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் உங்கள் தெருவிலேயே எத்தனை இருக்கும்? அந்த வீட்டுப் பிள்ளைகளெல்லாம் இப்படியா இருக்கிறார்கள்? அப்பா கூடவே இருந்து, கண்டிப்பாக வளர்த்த வீடுகளிலும் தன்பாலீர்ப்புள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். தன் பாலினத்தவர் மேல் காதலும் ஈர்ப்பும் தோன்றுவதற்குத்தான் தன்பாலீர்ப்பு என்று பெயர். பிறப்புக்கு முன்னும் பின்னுமாக நிகழும் பல விஷயங்கள் சேர்ந்து ஈர்ப்பின் திசையை அமைக்கின்றன என்பதே இன்றைய புரிதல். ஒரே ஒரு மரபணு என்று எதையும் சுட்ட முடியாது. 2019இல் சுமார் 4.77 லட்சம் பேரின் மரபணுக்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வும் இதையே காட்டியது. யாரும் ‘கெடுத்து’ வருவதில்லை. சினிமாவோ போனோ நண்பனோ அதற்குக் காரணமில்லை.

திருநங்கையாகிவிடுவானா என்ற பயம், இரண்டு வேறு விஷயங்கள் குழம்பியதால் வந்தது. யார்மேல் ஈர்ப்பு வருகிறது என்பது வேறு. தன்னை ஆணாக உணர்கிறானா, பெண்ணாக உணர்கிறானா என்பது வேறு. உங்கள் மகன் தன்னைப் பெண்ணாக உணர்வதாக எங்கும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லும் பிள்ளைகளும் வீட்டை விட்டுப் போவது பெரும்பாலும் வீடு துரத்துவதால்தான்.

‘இந்த வயசுல வர்றதுதான், போயிடும்’ என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். பதின்வயதில் தன்னைப் பற்றிய புரிதல் சிலருக்கு மாறத்தான் செய்கிறது, பலருக்கு மாறுவதில்லை. எது நடக்கும் என்பதை நாம் முன்கூட்டிச் சொல்லவும் முடியாது, நெருக்கி வரவழைக்கவும் முடியாது. அவன் பயன்படுத்தாத பெயரை நீங்கள் அவனுக்குச் சூட்ட வேண்டாம். அவன் சொன்னதைப் பொய் என்றும் சொல்ல வேண்டாம்.

அந்த ஊசி

உங்கள் அண்ணன் சொல்லும் மருத்துவரிடம் போகவே போகாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. இது மனநோய் அல்ல என்று இந்திய மனநல மருத்துவச் சங்கம் 2018இல் வெளிப்படையாக அறிவித்தது. ஒருவர் சமூகத்தின் ஒழுக்க எண்ணங்களோடு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து அவருக்கு மனநோய் என்று முடிவுகட்டக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்.

இதைக் ‘குணப்படுத்த’ப் போடும் ஊசி பெரும்பாலும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன்தான். ஆண்மை குறைவாக இருக்கிறது, ஏற்றினால் பெண்ணிடம் ஆசை வரும் என்பது அதன் பின்னால் உள்ள கணக்கு. கணக்கே தப்பு. தன்பாலீர்ப்புள்ள ஆண்களுக்கு இந்த ஹார்மோன் குறைவாக இருப்பதில்லை. வெளியிலிருந்து ஏற்றினால் ஆசையின் அளவு கூடலாம், திசை மாறாது. கெடுதலோ நிச்சயம். போதுமான ஹார்மோன் உடம்பில் இருப்பதாக மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி எடுத்துக்கொண்டு விரைகளுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்தும். விரைகள் சுரப்பதைக் குறைத்துச் சுருங்கத் தொடங்கும். விந்தணு உற்பத்தி விழும். வளர்ந்துகொண்டிருக்கும் பையனுக்கு எலும்பின் வளர்முனைகள் முன்கூட்டியே மூடி, உயரம் நின்றுபோகவும் கூடும். வேறு சிலர் மயக்க மாத்திரையும் வாந்தி வரவைக்கும் மருந்தும் கொடுப்பார்கள், ஷாக் வைப்பார்கள். மிகக் கடுமையான மன அழுத்தம் போன்ற நோய்களுக்கு மின்அதிர்வு சிகிச்சை முறையான சிகிச்சைதான். ஆனால் 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு மனநல ஆய்வு வாரியத்தின் முன்அனுமதி இல்லாமல் அதைக் கொடுக்கவே கூடாது. தன்பாலீர்ப்புக்கு அதைக் கொடுக்க எந்த மருத்துவக் காரணமும் இல்லை.

சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று, பாலின ஈர்ப்பை மருத்துவத்தால் மாற்றும் முயற்சிகளைத் தடை செய்யவும் அப்படிச் செய்பவரின் உரிமத்தைப் பறிப்பது வரை நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு இளம்பெண்களின் வழக்கு அது. தீர்ப்பளித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தமக்குப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பிறகே தீர்ப்பை எழுதினார். உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று வெட்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். வெட்கப்பட எதுவும் இல்லை அம்மா. அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2022இல் தேசிய மருத்துவ ஆணையம், இப்படிப்பட்ட ‘மாற்று சிகிச்சை’ தருவது தொழில் ஒழுக்கக்கேடு என்று மாநில மருத்துவ கவுன்சில்களுக்கு எழுதியது. ஆக, அந்த ஊர் டாக்டர்மேல் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் புகார் கொடுக்கலாம்.

அப்படியானால் மகனை மருத்துவரிடமே காட்ட வேண்டாமா? காட்டுங்கள், தூக்கம், சாப்பாடு, பயம், சாகும் எண்ணம் ஆகியவற்றுக்காக. அவற்றுக்கு நல்ல சிகிச்சை உண்டு. முதலில் நீங்கள் மட்டும் போய், “என் மகனுக்கு ஆண்கள்மேல் ஈர்ப்பு. இதை மாற்ற முடியுமா?” என்று கேளுங்கள். “மாற்றலாம்” என்று தொடங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். “அதை மாற்றத் தேவையில்லை, பையன் எப்படி இருக்கிறான்?” என்று கேட்பவரிடம் அவனைக் கூட்டிப்போங்கள்.

குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வேண்டுதல் உங்களுக்குத் துணை, மறுக்க மாட்டேன். அவனை இழுத்துப்போய்க் குறி கேட்பதும், அவன் எதிரில் சாமியாடி விரட்டுவதும் மட்டும் வேண்டாம்.

குற்றமா?

இல்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவைத்தான் உங்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வயதுவந்த இருவர் மனமொத்துச் சேர்வது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே இல்லை. திருமணத்துக்குச் சட்ட ஏற்பு இன்னும் கிடைக்கவில்லை. 2023இல் உச்ச நீதிமன்றம் அதை மறுத்துவிட்டது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. உங்கள் மகனுக்கும் அந்தப் பையனுக்கும் 18 ஆகவில்லை. போக்சோ சட்டத்தில் 18க்குக் கீழே ‘சம்மதம்’ என்ற பேச்சே கிடையாது; பாதிக்கப்பட்டது ஆணா பெண்ணா என்ற வேறுபாடும் கிடையாது. பிடித்திருக்கிறது என்று எழுதுவது குற்றமல்ல. உடலளவில் ஏதாவது நடந்திருந்தால் அது இந்தச் சட்டத்துக்குள் வரும். தெரியவந்த மருத்துவருக்கும் ஆசிரியருக்கும்கூட தகவல் சொல்லும் கடமை உண்டு. இதை மகனிடம் மிரட்டலாக இல்லாமல், ஆண்-பெண் காதலுக்கும் இதே சட்டம்தான் என்று சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் அண்ணன் ‘அவன்தான் கெடுத்தான்’ என்று புகார் கொடுத்தால், அந்த வீட்டார் அதே புகாரை உங்கள் மகன்மேல் திருப்புவார்கள். இரண்டு பிள்ளைகளும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிற்க வேண்டிவரும். தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.

இன்னொன்றையும் மெதுவாகக் கேட்டுவிடுங்கள்: வயதில் பெரிய யாராவது அவனோடு போனில் பழகி, படம் வாங்கி, பணம் கேட்டு மிரட்டுகிறார்களா? இந்த ரகசியத்தை வைத்தே பிழைக்கிற கும்பல்கள் இருக்கின்றன. அப்படி இருந்தால் பணம் கொடுக்காதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள். 1098க்குச் சொல்லுங்கள், பணம் ஏற்கெனவே போயிருந்தால் இணைய மோசடிக்கான உதவி எண் 1930க்கும் சொல்லுங்கள். அவனுடைய அந்தரங்கப் படத்தை ஆதாரம் என்று நினைத்துக்கூட யாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். 18 வயதுக்குட்பட்டவரின் அப்படிப்பட்ட படத்தைப் பரப்புவதே குற்றம்.

பள்ளியோடு பேசுவது

முதல்வர் கேட்கும் சர்டிபிகேட்டை எந்த நேர்மையான மருத்துவரும் எழுத முடியாது. இல்லாத நோய் குணமாகிவிட்டது என்று எப்படி எழுதுவது? மன உளைச்சலுக்குச் சிகிச்சை எடுத்தால், ‘பள்ளிக்கு வரத் தகுதியாக இருக்கிறார்’ என்று ஒரு வரி எழுதித் தருவார். அதற்கு மேல் எதையும் பள்ளி கேட்க முடியாது.

டிசி விஷயத்தில் ஒரு நடைமுறைத் தந்திரம் உண்டு. பள்ளி தானாக நீக்கியதாக எழுதாது; ‘பெற்றோரின் விருப்பத்தின் பேரில்’ என்று உங்களிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளும். அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வெள்ளைத் தாளிலும் போடாதீர்கள். அலுவலக அறையில் நான்கு பேர் சுற்றி நின்று கேட்டாலும், “வீட்டுக்காரர்கிட்ட கேட்டுச் சொல்றேன்” என்று எழுந்து வந்துவிடலாம். அடுத்தமுறை துணைக்கு ஒருவரோடு போங்கள். அது அண்ணனாக இருக்க வேண்டாம்.

பிறகு நீங்களே ஒரு மனு எழுதுங்கள், ஒரு பக்கம் போதும். அதில் மகனின் ஈர்ப்பைப் பற்றி ஒரு சொல்கூட வரக்கூடாது. பள்ளிக் கோப்பில் அது காலத்துக்கும் கிடக்கும். இப்படி எழுதலாம்: ‘என் மகனின் தனிப்பட்ட செய்திகளை அவன் அனுமதியின்றி இன்ன தேதியில் வகுப்புக் குழுவில் பரப்பியுள்ளனர். அன்று முதல் அவனை இழிசொல்லால் அழைக்கின்றனர். இதனால் அவன் பள்ளிக்கு வர இயலவில்லை. செய்தியை நீக்கவும், கேலியைத் தடுக்கவும், அவன் பாதுகாப்பாகப் படிப்பைத் தொடரவும் நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்.’ இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு வாரத்தில் பதில் இல்லை என்றால் அதே மனுவைத் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் அனுப்புங்கள். கல்வித் துறையின் உதவி எண் 14417. அதற்கும் அசையாவிட்டால் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவும் மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையமும் இருக்கின்றன. தன் பொறுப்பில் உள்ள 18 வயதுக்குட்பட்டவருக்கு மனத்துன்பம் விளைவிப்பது இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 75ஆம் பிரிவில் வருகிறது. இதை முதல் சந்திப்பிலேயே எடுத்து வீச வேண்டாம். மகன் இன்னும் ஒன்றரை வருடம் அங்கே படிக்க வேண்டும். முதல்வருக்கு இறங்கிவர ஒரு வழி விட்டுவையுங்கள். கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரைதான் நீக்கத்தைத் தடுக்கிறது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அதைக் காட்டி வாதாடினால் அவர்கள் எளிதாக மறுத்துவிடுவார்கள்.

பத்து நாள் விடுப்புக்கு மருத்துவச் சான்று கொடுத்துவிடுங்கள். வருகைப்பதிவில் அடுத்த வருடமும் கவனமாக இருங்கள்; பிளஸ் டூவில் 100க்கு 10 மதிப்பெண் அகமதிப்பீடு. அதில் வருகைப்பதிவுக்கும் பங்கு உண்டு.

திரும்பப் போகும் முதல் வாரம்தான் கடினம். எந்த ஆசிரியரை அவனுக்குப் பிடிக்கும் என்று கேளுங்கள்; அவரிடம் மட்டும் முன்கூட்டிப் பேசுங்கள். கேலி அதிகம் நடப்பது வகுப்பில் அல்ல, கழிப்பறையிலும் பள்ளிப் பேருந்திலும். முதல் வாரம் நீங்களோ நம்பிக்கையான ஒருவரோ கொண்டுவிட்டுக் கூட்டிவரலாம். இடைவேளையில் ஆசிரியர்களுக்கான கழிப்பறையைப் பயன்படுத்த அனுமதி கேளுங்கள். கேலியின் பயத்தில் நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் அடக்கி வைத்திருக்கும் பிள்ளைகள் உண்டு. வேறு பள்ளி மாறுவதை மகனே விரும்பினால் அதில் தோல்வி எதுவும் இல்லை. கல்வியாண்டு முடிந்து மாறுங்கள்.

கணவருக்கும் அண்ணனுக்கும்

கணவரிடம் சொல்லலாமா என்பதை மகனைக் கேட்காமல் முடிவெடுக்க வேண்டாம். அது அவனுடைய செய்தி. ஆனால் அண்ணனுக்குத் தெரிந்தது இன்னும் எத்தனை நாள் வளைகுடாவுக்குப் போகாமல் இருக்கும் என்று தெரியாது. அந்த வாயிலிருந்து கேட்பதைவிட உங்கள் வாயிலிருந்து கேட்பது நல்லது என்பதை அவனுக்கு விளக்குங்கள். அவன் சம்மதித்தால் வெள்ளிக்கிழமை மாதிரி ஒரு விடுமுறை நாளில், அவர் அறையில் மற்றவர்கள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனில் பேசுங்கள். பள்ளியில் நடந்த அவமானத்தை முதலில் சொல்லுங்கள். மகனுக்கு அநீதி நடந்திருக்கிறது என்று கேட்கும் தகப்பன் அவன் பக்கம் நிற்கத்தான் முதலில் பார்ப்பார். அவர் கத்தினால் கத்தட்டும். அன்றே மகனை அவரோடு பேச வைக்காதீர்கள்.

அண்ணனிடம், மகளைக் கட்டிவைக்கும் பேச்சை இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள். கல்யாணம் ஈர்ப்பை மாற்றுவதில்லை. தன்னைத் தொடவே தயங்கும் ஒருவனோடு அந்தப் பெண் வருடக்கணக்கில், தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்து வாழ்வாள். அவர் பெற்ற பெண் என்பதால் இந்தப் பேச்சு அவருக்கு உறைக்கும்.

கடைசியாகத் தாழ்ப்பாள். அவன் உயிரைப் பற்றிய கவலை தீரும்வரை, மருத்துவர் சொல்லும்வரை, அது இல்லாமலே இருக்கட்டும். ஆனால் காரணத்தை அவனிடம் சொல்லுங்கள். “உன்னை வேவு பார்க்க இல்ல, எனக்குப் பயமா இருக்கு” என்று. மாமா அதைக் கழற்றியபோது அவன் பேசாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். திரும்ப மாட்டும் நாளில் ஸ்க்ரூடிரைவரை அவன் கையில் கொடுங்கள்.